குறை உடம்பில் இல்லை

அன்புள்ள அக்கா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு மலையேற்றக் குழுவுடன் களக்காட்டுப் பக்கம், வனத்துறை அனுமதித்த பாதை ஒன்றில் போய்வந்தேன். குழுவில் பெண்கள் மூன்று பேர்தான். முதுகுப்பை என் தம்பியுடையது. ஷூவும் ஆண்களுக்கானது, கடையில் அதுதான் இருந்தது. பாதி வழியிலேயே தோள் இரண்டும் கன்றிப்போயின. இறங்கும்போது குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. மதியத்துக்கு மேல் தலைவலியும் மயக்கமும் வந்து ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். குழுத் தலைவர் திட்டவில்லை. "உங்களுக்கு இன்னும் பழக்கம் வேண்டும், மேடம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த நடைக்குக் குறித்திருக்கும் தேதி எனக்கு மாதவிலக்கு நாள். போகாமல் இருந்துவிடலாமா? என் உடம்பே இதற்கு ஏற்றதில்லையோ என்று தோன்றுகிறது. அம்மாவுக்காகச் சுடிதாரில்தான் போகிறேன். அதுவும் தவறா?

சு., அம்பாசமுத்திரம்

அன்புள்ள சு.,

முதலில் தண்ணீர். அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கலங்கவைத்த வரி அதுதான். தோள் வலி இரண்டு நாளில் ஆறிவிடும். நம் ஊர் வெயிலில் நீரில்லாமல் மலையேறுவது உயிரோடு விளையாடுவது. அந்தத் தலைவலியும் மயக்கமும் பழக்கக் குறைவால் வந்தவையல்ல, உடம்பில் நீர் வற்றியதால் வந்தவை. உங்களைவிட வலுவான ஆண் ஒருவர் அன்று காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்காமல் ஏறியிருந்தாலும் அதே பாறையில்தான் உட்கார்ந்திருப்பார்.

இந்தப் பழக்கம் மலையில் தொடங்கியதும் அல்ல. வீட்டில் கழிப்பறை இல்லாத காலத்தில் நம் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் விடியுமுன் உடைமரக் காட்டுக்குப் போவார்கள். தவறினால் இருட்டும்வரை பொறுக்க வேண்டும். பொறுப்பதற்கு அவர்கள் கண்ட வழி தண்ணீரைக் குறைப்பது. களையெடுக்கப் போனவர்களும் அப்படித்தான், பஸ்ஸில் தொலைதூரம் போகிறவர்கள் இன்றைக்கும் அப்படித்தான். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து மாலைவரை பாட்டிலைத் திறக்காத பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள், கவனித்துப் பாருங்கள். பெண்ணின் சிறுநீர்க்குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். ஆணுக்கு 20 சென்டிமீட்டர் அளவுக்கு உண்டு. கிருமி சிறுநீர்ப்பையை எட்ட நமக்கு அவ்வளவு குறைந்த தூரம். குடிக்காமலும் அடக்கியும் வைத்திருப்பது அதற்கு இன்னும் வழிவிடுவது.

ஆகவே அடுத்த முறை கிளம்புவதற்கு முன்பே தலைவரிடம் கேளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் வேண்டும். அந்த நிறுத்தத்தில் ஆண்கள் ஒரு வளைவு தாண்டிப் போய் நிற்க வேண்டும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்; அங்கே எந்தப் பெண்ணும் கூச்சத்தால் தனியே உள்ளே விலகிப் போகக் கூடாது. உடன்வரும் வனக்காவலரிடம் இடம் கேட்டு, இருவராக, கூப்பிடு தூரத்துக்குள், ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போங்கள். ஒருவர் துப்பட்டாவை விரித்துப் பிடித்தால் மறைவு ஆயிற்று. இதைத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று சொல்கிறவருக்கு இதைச் சொல்வதில் என்ன தயக்கம்? வீட்டில் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ இரண்டு தம்ளர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை.

தம்பியின் முதுகுப்பைக்கு வருகிறேன். பாரத்தைச் சுமக்க வேண்டியது தோள் அல்ல, இடுப்பெலும்பு. நல்ல பையில் எடையின் பெரும்பகுதி இடுப்புப் பட்டை வழியாக அங்கே இறங்கிவிடும். தோள் வார்கள் பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வதற்குத்தான். ஒரே உயரமுள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக முதுகின் நீளம் ஒன்றல்ல. நமக்குக் குறைவு, தோளும் ஒடுக்கம். அதனால் உங்கள் தம்பியின் பையில் இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்குக் கீழே நழுவியிருக்கும், எடை முழுக்கத் தோளில் தொங்கியிருக்கும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் புடைக்கும் எலும்பு ஒன்று உண்டு. அதிலிருந்து, இடுப்பில் இரு கைகளையும் ஊன்றும்போது கட்டைவிரல்களை இணைக்கும் கோடுவரை அம்மாவை இஞ்சு டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். பை வாங்க வேண்டியது அந்த அளவுக்கு, உங்கள் உயரத்துக்கு அல்ல. மாட்டும்போது இடுப்புப் பட்டையை முதலில் இறுக்குங்கள், பிறகு தோள் வார், கடைசியாக நெஞ்சுக்குக் குறுக்கே வரும் சிறுவார். அது மார்பின் மேல் அழுந்தாமல், அதற்கு மேலே நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். உள்பாவாடை நாடாவும் சுடிதார் நாடாவும் வருடக்கணக்கில் இறுகி நம் பெண்கள் பலருடைய இடுப்பில் கறுத்த தழும்பு ஒன்று ஓடும். பையின் பட்டை அதையொட்டித்தான் உட்காரும். நாடா முடிச்சு அடியில் மாட்டிக்கொண்டால் சிறிது நேரத்தில் தோல் உரிந்துவிடும். நாடாவை உருவிவிட்டு அகல எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். பை செய்கிறவர்கள் யாரும் நாடாவை நினைத்துச் செய்வதில்லை.

ஷூ விஷயத்தில் உங்கள் கொப்புளத்துக்குக் காரணம் தெளிவாகவே இருக்கிறது. பெண் பாதத்தில் முன்பாகத்தோடு ஒப்பிட்டால் குதிகால் ஒடுக்கம். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. நம்மவர்களின் பாதம் வெளிநாட்டு அளவுகளைவிட அகலமானது என்பது அதில் தெரியவந்தது. விரல்களுக்கு இடம் வேண்டும் என்று பெரிய அளவு வாங்குகிறோம், பின்னால் குதிகால் தளர்கிறது, நடக்க நடக்க உரசுகிறது. கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், நடைக்குப் போடும் அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். விரலுக்கு முன்னே ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுக்கும். கயிற்றை இருபுறமும் கடைசித் துளையில் உள்நோக்கிச் செருகிச் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்கத்துக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. சூடாக உணரும் இடத்தில் உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். மற்றவர்கள் காத்திருப்பார்களே என்று நடந்துகொண்டே இருக்காதீர்கள்.

நீங்கள் கூச்சத்தால் எழுதாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று உண்டு. ஏற்றத்திலும் இறக்கத்திலும் மார்புக்குத் தாங்கல் வேண்டும். அங்கே தசை தாங்கவில்லை. தோலும் மெல்லிய இழைகளும்தான் தாங்குகின்றன. விளையாட்டுக்கென்றே ஓர் உள்ளாடை அமெரிக்காவில் 1977-இல்தான் பிறந்தது. மூன்று பெண்கள், ஆண்கள் விளையாடும்போது இடுப்புக்குக் கீழே அணியும் கச்சை இரண்டைச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். வாங்கும்போது அடிப்பட்டை இறுக்கமாக, இரண்டு விரல் மட்டும் நுழைகிற அளவில் இருக்கட்டும். தாங்க வேண்டியது அந்தப் பட்டைதான். போட்டுப் பார்க்கக் கடையில் விடாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

மாதவிலக்கு நாளில் வலி கடுமையாக இருந்தால் போகாதீர்கள், அதில் வெட்கமில்லை. கசிந்துவிடுமோ என்ற பயம் மட்டும்தான் என்றால் போங்கள். வியர்வையில் நனைந்த நாப்கினின் ஓரம் தொடையை அறுக்கும், அந்த இடத்தில் முன்கூட்டியே வாசலைனோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். மாதவிலக்கு ரத்தத்தை உள்ளேயே ஏந்திக்கொள்ளும் சிலிகான் கப் பழகியவர்களுக்கு மலையில் பெரிய நிம்மதி, 12 மணி நேரம்வரை வைத்திருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று மாதம் வீட்டில் பழகிய பிறகுதான் மலைக்கு. நாப்கினில் பிளாஸ்டிக் இருக்கிறது, புதைத்தால் விலங்குகள் தோண்டும். தாளில் சுற்றி, இறுக மூடும் பையில் போட்டு ஊருக்கே கொண்டுவந்துவிடுங்கள். அடர்நிறக் கால்சட்டை போடுவதை யாரும் பலவீனமாக நினைக்க வேண்டியதில்லை. விம்பிள்டன் டென்னிஸ் போட்டியிலேயே வெள்ளை உடைக்குள் அடர்நிற அரைக்கால்சட்டை அணியப் பெண்களுக்கு 2023-இல்தான் அனுமதி கிடைத்தது.

சுடிதார் தவறே இல்லை. மாஞ்சோலையில் தேயிலை பறித்த பெண்கள் சேலையோடுதான் அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கினார்கள். துணிதான் முக்கியம். பருத்தி நனைந்தால் ஒட்டிக்கொண்டு உரசும், எளிதில் காயாது. விளையாட்டுச் சட்டைக்கான மெல்லிய பாலியஸ்டரில் தைக்கச் சொல்லுங்கள், தொடையில் தொளதொளப்பும் கணுக்காலில் ஒடுக்கமுமாக. மழைக்குப் பின் போனால் அட்டை ஏறும். நெருங்க நெய்த துணியில் முழங்கால்வரை ஒரு நீள உறை தைத்து, சாக்ஸுக்கு மேல் மாட்டி, ஷூவைப் போட்டு, மேலே கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் தெருத் தையற்காரர் அரைமணியில் முடித்துத் தருவார். 1975-இல் எவரெஸ்ட் ஏறிய முதல் பெண்ணான ஜுன்கோ தபெயின் குழுவினர் கார் இருக்கை உறையைக் கிழித்துக் கையுறை தைத்துக்கொண்டு போனவர்கள்தான்.

அடுத்த நடைக்கு முன் பையில் ஐந்து கிலோ அரிசியை வைத்து, நான் சொன்ன வரிசையில் பட்டைகளைக் கட்டி, ஒரு காலைப்பொழுதில் தாமிரபரணிக் கரையோரம் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். எங்கே உரசுகிறது, எங்கே அழுந்துகிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். பை வாங்குவதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அக்கா