இளம் ஆய்வாளர் கேள்வி-பதில்: வழிகாட்டி, நிதி, கட்டுரை ஆசிரியர் பட்டியல்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடத்தை ஆய்வையும் இதயநோய், சர்க்கரைநோய் ஆய்வையும் சேர்த்துச் செய்கிற இளம் ஆய்வாளர்கள் எழுதியவை. பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். தங்களைப் போன்றவர்கள் அதிகம் இல்லாத துறைகளில் வேலை பார்க்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

கே: எங்கள் துறையில் என் சமூகத்தைச் சேர்ந்த மூத்தவர் ஒருவரும் இல்லை. யாரை வழிகாட்டியாகக் கொள்வது?

ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் தேடாதீர்கள். ஆய்வு வடிவமைப்பும் புள்ளியியலும் சொல்லித்தர ஒருவர், கிராண்ட் (ஆய்வு நிதி) விண்ணப்ப வரைவை வரிவரியாகத் திருத்த ஒருவர், உங்கள் நிலைமையை விளக்காமலே புரிந்துகொள்ள ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். மூன்றாமவர் வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கலாம், மாதம் ஒரு போன் பேசினால் போதும். முதல் இருவர் எந்தச் சமூகமாக இருந்தாலும் சரி. கொடுத்த வரைவை ஒரு வாரத்தில் படித்துத் திருப்பித் தருவாரா என்று மட்டும் அவருடைய பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள்.

கே: கே விருதுக்கு நல்ல மாதிரி விண்ணப்பம் அனுப்பவும். அவசரம்.

எந்தக் கே? இளம் ஆய்வாளர்களுக்கு என்.ஐ.எச் (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிதி அமைப்பு) தருகிற இந்த விருதில் பல வகை உண்டு. கே99 என்றால் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பயிற்சி) அனுபவம் நான்கு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். கே23 நோயாளிகளை நேரில் வைத்துச் செய்யும் ஆய்வுக்கானது. கே01 வேறு. நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், என்ன ஆராய்கிறீர்கள் என்று ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. இதே அவசரத்தில் விண்ணப்பமும் எழுதினால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். வெற்றி பெற்ற விண்ணப்பங்களை என்.ஐ.எச்-இன் சில பிரிவுகளே பொதுவில் வைத்திருக்கின்றன, தேடிப் படியுங்கள். அப்புறம் ஒன்று: பெரும்பாலான கே விருதுகளுக்கு வேலை நேரத்தில் முக்கால் பங்கு ஆய்வுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். அந்த நேரத்தை உண்மையில் தருவதாகத் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கே: ரத்த அழுத்த ஆய்வு ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகள் ஆள் சேர்த்தேன். பங்கேற்பாளர்களின் மொழி எனக்கு மட்டும்தான் தெரியும். கேள்வித்தாளை மொழிபெயர்த்ததும் நான். கட்டுரை வெளிவந்தபோது என் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லை, நன்றிப் பட்டியலில் இருந்தது. கேட்டால், களப்பணி ஆசிரியர் தகுதிக்குப் போதாது என்கிறார் வழிகாட்டி. சரியா?

சரியில்லை. இதே கதை எனக்கு ஒவ்வொரு வருடமும் வருகிறது. ஊரும் நோயும்தான் மாறுகின்றன.

மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர்கள் சேர்ந்த சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.ஈ நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. நான்கும் நிறைவேறினால்தான் கட்டுரையின் ஆசிரியர். முதலாவது, ஆய்வின் கருத்து, வடிவமைப்பு, தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, விளக்கம் இவற்றில் ஏதாவது ஒன்றில் கணிசமான பங்கு. தரவு சேகரிப்பு அங்கே வெளிப்படையாக இருக்கிறது. மற்றவை வரைவை எழுதுவது அல்லது அறிவார்ந்து திருத்துவது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தருவது, முழு வேலைக்கும் பொறுப்பேற்பது. உங்கள் வழிகாட்டி பிடித்துக்கொண்டிருப்பது இந்த மூன்றைத்தான்: நீங்கள் வரைவைத் தொடவில்லை, அதனால் ஆசிரியர் இல்லை. ஆனால் அதே விதிமுறை இன்னொன்றும் சொல்கிறது. முதல் நிபந்தனையை நிறைவேற்றிய ஒவ்வொருவருக்கும் வரைவில் பங்கெடுக்கவும் ஒப்புதல் தரவும் வாய்ப்பு கொடுத்தாக வேண்டும். வரைவையே காட்டாமல் வைத்துவிட்டு, நீ வரைவில் பங்கெடுக்கவில்லையே என்று சொல்ல முடியாது.

இந்தத் துறையில் இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. தூக்கம், உணவு, மாத்திரையை ஒழுங்காகப் போடுவது எல்லாம் ஒருவர் நம்பிச் சொன்னால்தான் தரவு. அந்த நம்பிக்கையைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் அந்தச் சமூகத்திலிருந்து வந்த இளம் ஆய்வாளர். அவரை வாசலில் நிறுத்தி ஆள் சேர்க்க வைத்துவிட்டு, மேசைக்கு அழைக்காமல் விடுகிறார்கள். ஐந்து ஆண்டு கழித்து அவரிடம் முதல் ஆசிரியர் கட்டுரை (அவர் பெயர் முதலில் வரும் கட்டுரை) ஒன்றுகூட இருக்காது. அதையே காரணம் காட்டி அவருடைய விண்ணப்பம் பின்தங்கும். பொருளியலாளர் டோனா கின்தர் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கல்வி, பயிற்சி, முந்தைய விருதுகள், வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கு என்.ஐ.எச் நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட 10 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. அந்த இடைவெளி இருக்கிற இடத்தில் ஒரு வழிகாட்டி தன் மாணவரின் கட்டுரையையும் பறித்தால் அவரை வழிகாட்டி என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தத் தரவிலிருந்து ஒரு துணைக் கேள்வியை எடுத்து, முதல் ஆசிரியராக ஒரு பக்கத் திட்டம் எழுதி அனுப்புங்கள். பதிலை மின்னஞ்சலில் கேளுங்கள். அடுத்த ஆய்வில் ஆள் சேர்க்கத் தொடங்கும் முன்பே, எந்தக் கட்டுரைக்கு யார் முதல் ஆசிரியர் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

கே: சமூக அளவிலான உணவுப்பழக்க ஆய்வுக்கு விண்ணப்பித்தேன். ‘குறுகிய தலைப்பு’ என்று திரும்பி வந்தது. தலைப்பை மாற்றவா?

கேள்வியை மாற்றாதீர்கள், முடிவு அளவையை, அதாவது பலனை எதை அளந்து காட்டுகிறீர்கள் என்பதை மாற்றுங்கள். தலைப்புக்கும் நிதிக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். 2019-இல் ஹோப் குழுவின் ஆய்வு, கறுப்பின ஆய்வாளர்களின் நிதி இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தலைப்புத் தேர்வோடு சேர்ந்தது என்று காட்டியது. சமூக அளவிலான ஆய்வுகளுக்கு நிதி கிடைப்பது குறைவு. ஆனால் ‘காய்கறி உண்பது கூடியது’ என்பதோடு நின்றால் மதிப்பாய்வாளர் நகர்ந்துவிடுவார். எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு), ரத்த அழுத்தம் என்று உடலில் அளக்கக்கூடிய ஒன்றில் முடியுங்கள். நடத்தை மாற்றம் சர்க்கரைநோய் வருவதை சுமார் 60 சதவீதம் குறைத்தது என்று 2002-இல் காட்டிய டி.பி.பி (சர்க்கரைநோய்த் தடுப்பு) ஆய்வை இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த முடிவு அளவைக்காகத்தான். முன்தரவு இல்லையென்றால் கறுப்பினத்தவர்களுக்கான ஜாக்சன் இதய ஆய்வு, தெற்காசியர்களுக்கான மசாலா ஆய்வு போன்றவற்றின் தரவைக் கேட்டு வாங்குங்கள். புதிதாக ஆள் சேர்ப்பதைவிட எத்தனையோ மலிவு.

கே: தூக்க நேரத்தைக் கேள்வித்தாளில் கேட்டால் போதாதா?

முதன்மை அளவை அதுதான் என்றால் போதாது. இதயநோய் அபாயத்தைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் கார்டியா ஆய்வில் மக்கள் சொன்னது மணிக்கட்டில் கட்டிய கருவி அளந்ததைவிட சுமார் முக்கால் மணி நேரம் அதிகம். ஒரு பகுதியினருக்காவது கருவி கட்டுங்கள்.

கே: பன்முகத்தன்மைக் கமிட்டிகள் மூன்றில் இருக்கிறேன். நான்காவதற்கும் அழைக்கிறார்கள்.

ஒன்றில் இருங்கள். அதற்கும் கற்பித்தல் சுமையைக் குறைப்பதாக எழுத்தில் வாங்குங்கள். மறுப்புக் கடிதத்தை உங்களுக்குப் பதிலாக வழிகாட்டி எழுதட்டும், அது அவருடைய வேலை.

கே: (ஒரு வழிகாட்டி எழுதுகிறார்) என் மாணவி லேப் கூட்டத்தில் பேசுவதே இல்லை. தன்னம்பிக்கைப் பயிற்சிக்கு அனுப்பட்டுமா?

வேண்டாம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே விவாதப் பொருளை அனுப்புங்கள். அவருடைய முடிவுகளை நீங்கள் விளக்காமல் அவரையே விளக்கச் சொல்லுங்கள். யார் பேச்சை யார் வெட்டுகிறார்கள் என்று இரண்டு கூட்டம் கவனியுங்கள். சிக்கல் அவரிடம் இல்லாமல் இருக்கலாம்.

கே: முனைவர் பட்டம் வாங்கி ஒன்பதரை ஆண்டு. நடுவில் ஒரு குழந்தை. ஆர்21 என்கிற சிறிய கிராண்ட் ஒன்று கிடைத்திருக்கிறது. என்.ஐ.எச்-இன் இளநிலை ஆய்வாளர் சலுகை போய்விட்டதா?

போகவில்லை. பத்து ஆண்டு வரை உண்டு, ஆர்21 அதைக் கெடுக்காது. குழந்தைப் பேறுக்கு ஓராண்டு நீட்டிப்பு கிடைக்கும், ஆனால் தானாக வராது, நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வாரமே செய்யுங்கள். பெரிய கிராண்டான ஆர்01-க்கு எழுதும் முன் நீங்கள் விண்ணப்பிக்கிற நிதி அறிவிப்பு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள், 2025-இல் பல அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டன.