மலேசியாவில் சூதாட்டம் சட்டப்படி குற்றமா? கெந்திங்கில் மட்டும் எப்படி கேசினோ நடக்கிறது?

ஆளைப் பொறுத்தும் இடத்தைப் பொறுத்தும் பதில் மாறும்.

உரிமம் இல்லாமல் சூதாட்ட இடம் நடத்துவதும் அங்கே போய் ஆடுவதும், எந்த மதத்தவராக இருந்தாலும் குற்றம். 1953-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கெந்திங் மலைக்கு மட்டும் அரசு கேசினோ உரிமம் கொடுத்திருக்கிறது. அங்கேயும் 21 வயதுக்குக் கீழ் இருந்தால் நுழைய முடியாது.

முஸ்லிம்களுக்கு உரிமம் பெற்ற இடமும் கிடையாது. அவர்கள் மேல் ஷரியா சட்டம் தனியாகப் பாய்கிறது. கோலாலம்பூர் போன்ற கூட்டரசுப் பிரதேசங்களில் 3,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. ஒருவர் முஸ்லிமா என்று கண்டுபிடிப்பதும் சுலபம். மலேசிய முஸ்லிமின் அடையாள அட்டையில், படம் இருக்கும் பக்கத்திலேயே 'இஸ்லாம்' என்று அச்சாகியிருக்கும்.

அப்புறம் நாலு நம்பர், அதாவது நான்கு இலக்க எண்ணுக்குப் பணம் கட்டும் லாட்டரி. மற்ற மதத்தவர் உரிமம் பெற்ற கடையில் எடுக்கலாம். புதன், சனி, ஞாயிறு குலுக்கல். ஆனால் கிளந்தான் மாநிலத்தில் பல ஆண்டுகளாகவே இந்தக் கடைகள் இல்லை. கெடா மாநிலமும் 2023-இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது.

இதில் எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. கடையை மூடினாலும் நம்பர் எடுக்கும் பழக்கம் போய்விடாது. கள்ள நம்பர் எழுதுகிறவன் கடனுக்கும் எழுதுவான். ரொக்கம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர், அங்கே போய்க் கடன்காரராகிவிடுகிறார். வேலைக்காக மலேசியா போகும் நம் பிள்ளைகள் தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.