புரதம் குறைகிறது, எம்.ஆர்.என்.ஏ. குறையவில்லை: ஏன்?

கேள்வி: நான் உயிரித் தொழில்நுட்பவியல் முதுகலை மாணவி. ஆய்வேட்டுக்காக மைக்ரோ ஆர்.என்.ஏ. (மரபணு வெளிப்பாட்டைக் குறைக்கும் சிறு ஆர்.என்.ஏ.) ஒன்றின் மிமிக்கை, அதாவது அதைப் போலவே வேலை செய்யும் செயற்கை வடிவத்தை, ஹீலா என்ற மனித செல்களுக்குள் செலுத்தினேன். 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால், புரதத்தை அளக்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் இலக்குப் புரதம் ஏறக்குறையப் பாதிதான் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வை அளக்கும் கியூ.பி.சி.ஆரிலோ, அந்தப் புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் எம்.ஆர்.என்.ஏ.வின் அளவு மாறவே இல்லை. புரத உற்பத்தி மட்டும் தடைபடுகிறது என்று எழுதிவிடலாமா?

பதில்: இப்போதே எழுதாதீர்கள். உங்களுக்கு வந்ததைப் போன்ற முடிவு அறிவியலுக்குப் புதிதல்ல. 1993இல் சி. எலிகன்ஸ் புழுவில் லின்-4 என்ற முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ. வெளிப்பட்டபோது, லின்-14 புரதம் குறைந்தும் அதன் எம்.ஆர்.என்.ஏ. பெரிதாக மாறவில்லை என்றே கண்டார்கள். (அந்தப் பணிக்காகத்தான் விஞ்ஞானிகள் விக்டர் அம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.) ஆனால் பாலூட்டி செல்களில் கதை வேறு. டேவிட் பார்டெல் குழு 2010இல் ஹீலா செல்களையும் சேர்த்து அளந்தபோது, புரதக் குறைவில் 84 சதவீதமோ அதற்கு மேலோ எம்.ஆர்.என்.ஏ. குறைவதாலேயே வருவது தெரிந்தது. ஆர்கோநாட் புரதத்தோடு சேர்ந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. இலக்கில் ஒட்டியதும், முதலில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் வேலை தடைபடலாம். பிறகு எம்.ஆர்.என்.ஏ.வின் பின்முனையில் உள்ள பாலி-ஏ வால் கத்தரிக்கப்பட்டு, முன்முனைத் தொப்பி கழன்று, எம்.ஆர்.என்.ஏ.வே சிதைந்துபோகும். 48 மணி நேரத்தில் இதன் தடம் பெரும்பாலும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் சந்தேகம் அளவீட்டின் மீதே. 30 சதவீதக் குறைவு என்பது சி.டி. மதிப்பில் (சிக்னல் தென்படத் தேவைப்படும் பி.சி.ஆர். சுழற்சிகளின் எண்ணிக்கையில்) வெறும் 0.5 தான், மூன்று நகல்களின் சிதறலில் அது எளிதில் மறைந்துவிடும். ஆர்.என்.ஏ.வை, டி.என்.ஏ.வைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதியால் சுத்திகரித்தீர்களா? மிச்சமிருக்கும் ஜீனோம் டி.என்.ஏ. எப்போதும் ஒரே சிக்னலைக் கொடுத்து உண்மையான குறைவை மூடிவிடும். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி சேர்க்காத ஒரு கட்டுப்பாட்டைக் கட்டாயம் ஓட்டுங்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டையின் சிக்னல் அளக்கக்கூடிய உச்ச எல்லையைத் தாண்டியிருந்தால் 'பாதி' என்பதையும் நம்ப முடியாது.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் இன்னொரு கேள்வி மிஞ்சும்: அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. நேரடியாகத்தான் இதைக் குறைக்கிறதா? வேறொரு மரபணு வழியாகவும் புரதம் குறையலாம். ஆய்வேட்டின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பேன். இலக்கு எம்.ஆர்.என்.ஏ.வின் 3' யூ.டி.ஆரை (புரதமாக மாறாத பின்பகுதியை), ஒளி தரும் லூசிஃபெரேஸ் மரபணு உள்ள வெக்டரில் வைத்து, மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் (சீட் பகுதி) ஒட்டுமிடத்தை மாற்றிய வடிவத்தையும் சேர்த்துச் சோதியுங்கள். மாற்றிய வடிவத்தில் ஒடுக்கம் மறைந்தால் அந்த இடம் உண்மையிலேயே வேலை செய்கிறது.

மிமிக் அளவையும் குறைத்துப் பாருங்கள். மிகையாகச் செலுத்தினால் அது ஆர்கோநாட்டை ஆக்கிரமித்து, செல்லின் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை வெளியே தள்ளிவிடும். இயல்பாகவே அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. நிறைய இருக்கும் செல்லில் அதைத் தடுக்கும் மூலக்கூறான இன்ஹிபிட்டரைச் செலுத்தும்போது புரதம் உயர்ந்தால், உங்கள் வாதத்துக்கு அதைவிட வலுவான துணை கிடைக்காது.