மூன்று பயணமும் தாமதம்: இழப்பீட்டுக்கு யாரிடம் எழுதுவது?

கேள்வி: தனியாக ஐரோப்பா சுற்றிவிட்டுப் போன வாரம்தான் திரும்பினேன். பாரிஸிலிருந்து ஸ்டுட்கார்ட் வந்த ரயில் 75 நிமிடம் தாமதம். அதனால் மியூனிக் போகும் ரயிலைத் தவறவிட்டேன். பயத்தில் உடனே கவுன்ட்டரில் 60 யூரோவுக்குப் புது டிக்கெட் எடுத்தேன். முதலில் எடுத்த இரண்டு டிக்கெட்டும் (69 + 30 யூரோ) ஒரே இணையதளத்தில், ஒரே பேமென்ட்டில் வாங்கியவை. பிராக்கிலிருந்து புடாபெஸ்ட் சென்ற பஸ் 40 நிமிடம் தாமதமாகக் கிளம்பி, மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. புடாபெஸ்ட்–ரோம் விமானம் 3 மணி 40 நிமிடம் தாமதம். அதற்கு ஒரு வவுச்சர் தருவதாக மெயில் வந்திருக்கிறது. இதற்கிடையே ஒரு 'கிளெய்ம்' நிறுவனம், கையெழுத்துப் போட்டால் போதும், எல்லாம் வாங்கித் தருகிறோம் என்கிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் எனக்கு இழப்பீடு உண்டா? – ஒரு வாசகி, கோவை

பதில்: முதலில் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

பாஸ்போர்ட்டுக்கும் இழப்பீட்டுக்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஏறிய பயணிக்கு அங்குள்ள சட்டம் பொருந்தும், அவ்வளவுதான். "நீங்கள் வெளிநாட்டவர், நேரடியாகக் கேட்டால் கண்டுகொள்ள மாட்டார்கள்" என்று அந்த நிறுவனம் சொல்லியிருந்தால் அது பொய். இப்படிப்பட்ட நிறுவனங்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொள்கின்றன. வழக்கு என்று போனால் பாதிகூடப் போய்விடும். அதைவிட மோசம், பல படிவங்களில் நீங்கள் கையெழுத்திடுவது உரிமையையே அவர்களுக்கு எழுதிக் கொடுப்பது. அதன் பிறகு விமான நிறுவனம் உங்களோடு பேசவே மறுக்கலாம். பத்து நிமிடத்தில் நீங்களே நிரப்பக்கூடிய படிவத்துக்கு இவ்வளவு விலை எதற்கு?

விமானத்தில் உங்கள் வழக்கு பலமானது. 261/2004 என்ற எண்ணுள்ள விதியும், 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதற்குத் தந்த தீர்ப்பும் சேர்ந்து சொல்வது இது: மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், 1,500 கிலோமீட்டருக்குட்பட்ட பயணத்துக்கு 250 யூரோ. டிக்கெட்டை 20 யூரோவுக்கு வாங்கியிருந்தாலும் 250 யூரோதான். தாமதத்தைக் கணக்கிடுவது சக்கரம் தரை தொட்ட நேரத்தை வைத்து அல்ல, விமானத்தின் கதவு ஒன்று திறந்து பயணிகள் இறங்கலாம் என்றான நேரத்தை வைத்து. அடுத்த முறை கதவு திறந்ததும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நேரம் அதிலேயே பதிவாகிவிடும்.

வவுச்சரை மறுத்து எழுதுங்கள். நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதித்தால் ஒழிய இழப்பீட்டைப் பணமாகத்தான் தர வேண்டும். (காத்திருந்தபோது சாப்பாட்டுக்குக் கூப்பன் கொடுத்திருந்தால் அது வேறு கணக்கு, அதனால் இந்த உரிமை போகாது.) மோசமான வானிலை போன்ற அசாதாரணக் காரணம் இருந்தால்தான் அவர்கள் தப்பிக்க முடியும். "தொழில்நுட்பக் கோளாறு" என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். விமானத்தில் வழக்கமாக வரும் பழுது அசாதாரணக் காரணம் ஆகாது என்று 2008-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. இன்னமும் அந்த வரியை எழுதி அனுப்புகிறார்கள் என்றால், பயணிகளில் பாதிப் பேர் அதோடு ஓய்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான். இந்த மூன்று மணி நேர வரம்பையே நான்காக உயர்த்த வேண்டும் என்று 2025 ஜூனில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் முடிவெடுத்தார்கள். அது சட்டமாகியிருந்தால் உங்கள் 3 மணி 40 நிமிடத்துக்கு ஒரு சென்ட்கூடக் கிடைத்திருக்காது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

பஸ்ஸுக்கு ஒன்றும் கிடைக்காது. பஸ் சட்டம் பார்ப்பது கிளம்புவதில் ஏற்படும் தாமதத்தைத்தான், அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால்தான். உங்கள் பஸ் கிளம்பும்போது 40 நிமிடம்தான் தாமதம். நடுவழியில் எத்தனை மணி நேரம் நின்றாலும் சட்டத்துக்கு அது கண்ணில் படாது. இப்படி எழுதியவர்கள் ஒரு முறையாவது இரவு பஸ்ஸில் போயிருக்க மாட்டார்கள்.

ரயில்தான் சிக்கல், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள புதிய ரயில் விதிப்படி (எண் 2021/782), 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமானால் 50 சதவீதம். உங்கள் இரண்டு டிக்கெட்டும் தனித்தனி ஒப்பந்தங்கள் (ஒவ்வொரு ரயிலும் தனிப் பயணம் என்ற கணக்கு) என்றால், 69 யூரோவில் 25 சதவீதம், அதாவது 17.25 யூரோ மட்டுமே. தவறவிட்ட ரயிலுக்கும் புது டிக்கெட்டுக்கும் ஒன்றுமில்லை. பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டதும் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் நீங்கள் விடக் கூடாது. இரண்டு டிக்கெட்டையும் இணைத்துத் தந்தது நீங்களா, அந்த இணையதளமா? பாரிஸ்–மியூனிக் என்று நீங்கள் தேட, அதுவாகவே இரண்டையும் கோத்து ஒரே பேமென்ட்டில் விற்றிருந்தால், பொறுப்பு விற்றவருடையது. "இவை தனித்தனி ஒப்பந்தங்கள்" என்று டிக்கெட்டிலும் குறிப்பிட்டு, பணம் கட்டும் முன்பே உங்களிடமும் சொல்லியிருந்தால் மட்டுமே அவர் தப்ப முடியும். சொன்னதை நிரூபிக்க வேண்டியதும் அவரே. இல்லாவிட்டால், இணைப்பைத் தவறவிட்டதற்காக முழுத் தொகை 99 யூரோவையும், அதில் 75 சதவீதமான 74.25 யூரோவையும் சேர்த்து 173.25 யூரோ தர வேண்டும். உங்கள் 60 யூரோவை இதில்தான் ஈடுகட்ட முடியும். ஆகவே டிக்கெட் பி.டி.எஃப்.பையும் கன்ஃபர்மேஷன் மெயிலையும் கடைசி வரி வரை, பொடி எழுத்து உட்பட, படித்துப் பாருங்கள். அந்த வாசகம் இல்லையென்றால், ரயில் கம்பெனிக்கு எழுதாமல் விற்ற தளத்துக்கு எழுதுங்கள். "ரயில்வேயைக் கேளுங்கள்" என்று அவர்கள் தள்ளிவிடுவார்கள். விதி 2021/782, 12-வது பிரிவு என்று எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.

மலிவு விலை காட்டும் இடைத்தரகுத் தளங்களை நான் வெறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில தளங்கள் உங்கள் ஈ-மெயிலுக்குப் பதில் தங்கள் ஈ-மெயிலைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுகின்றன. தாமதம், ரத்து என்ற தகவல் உங்களுக்கு வரவே வராது. ரீஃபண்டும் அவர்களிடம்தான் போய் நிற்கும். நம்மூர் ஏஜென்ட்டிடம் எடுத்தாலும், அவர் அச்சடித்துத் தரும் பயணத் திட்டத் தாளோடு நிறுத்திவிடாதீர்கள். விமான நிறுவனத்தின் ஆறு எழுத்து புக்கிங் கோடைக் கேட்டு வாங்கி, அவர்களுடைய தளத்தில் போட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை ரயில் தாமதத்தால் இணைப்புத் தவறினால், புது டிக்கெட் எடுக்கும் முன் கவுன்ட்டரில் பழைய டிக்கெட்டைக் காட்டி, தாமதத்துக்கு ஒரு முத்திரையோ எழுத்துச் சான்றோ கேளுங்கள். இரண்டும் ஒரே ஒப்பந்தமாக இருந்தால் அதே டிக்கெட்டில் அடுத்த ரயிலில் அனுப்புவது அவர்கள் கடமை. புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 100 நிமிடத்துக்குள் மாற்று வழி எதுவும் சொல்லாவிட்டால், நீங்களே வேறு ரயிலிலோ பஸ்ஸிலோ போய், நியாயமான செலவைத் திருப்பிக் கேட்கலாம்.

ரயில் புகாருக்கு மூன்று மாதம்தான் அவகாசம். விமானத்துக்கு அதைவிட நேரம் இருக்கிறது. ஆகவே ரயில் டிக்கெட் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிட்டு, பிறகு விமானப் படிவத்துக்கு வாருங்கள்.