கோழியின் கழுத்தடி வீங்கி நிற்பது ஏன்?

காலையில் கூட்டைத் திறந்தால் கோழியின் கழுத்தடி உருண்டு நிற்கிறது, தீனும் எடுக்கவில்லை. இது என்ன நோய்?

அந்த இடத்தில் இருப்பது தீன்பை. கொத்திய தீனைக் கோழி முதலில் அங்கே சேர்த்து ஊறவைக்கும்; அரைப்பது கீழே, சிறு கற்கள் கிடக்கும் தசைப்பையில். நெல் மூட்டை மில் வாசலில் காத்துக் கிடப்பது மாதிரி. மாலையில் பை நிறைந்திருப்பது இயல்பு, விடியும்போது காலியாக வேண்டும். அதனால் தீன் போடும் முன் தடவிப் பாருங்கள்.

கெட்டியாக இருந்தால் அடைப்பு. பெரும்பாலும் நீளப் புல். திருகோணமலைக் கரையோர வளவு என்றால் அறுந்த வலைநூலாகவும் இருக்கலாம். தீனை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, சில துளி தேங்காயெண்ணெய் கொடுத்துப் பையை மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். ஒரு நாளில் இளகாவிட்டால் மிருக வைத்தியர்தான்.

தொளதொளவென்று இருந்து வாய் புளித்து நாறினால் கதை வேறு. தேங்கிய தீனில் பூஞ்சை பெருகி, அப்பமா போலப் பொங்கிவிட்டது. தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்காதீர்கள். நீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் கோழி செத்துவிடும்.

அப்புறம், வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கைக் கரைத்துக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பற்றீரியாவுக்கான மருந்து. பூஞ்சையைத் தொடாது, நல்ல கிருமிகளைக் கொன்று அதற்கு இடம்தான் விட்டுக்கொடுக்கும்.