வாசகர் கேள்வி – பதில்: அரிப்புக் கடலோர மாளிகை

கேள்வி: மன்னார் மாவட்டத்தில் அரிப்பு என்னும் ஊரிலிருந்து சிலாவத்துறைக்குப் போகும் வழியில், கடலோரத்தில் இடிந்து நிற்கும் கட்டடத்தை எங்கள் பெரியவர்கள் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். அது வெள்ளைக்காரத் துரையின் பங்களா என்றும் கேள்விப்பட்டேன். எது சரி? (வாசகர், முருங்கன்)

பதில்: பங்களா என்பதே சரி. இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியான பிரெடரிக் நோர்த், 1801க்கும் 1804க்கும் இடையில் தமது தங்குமிடமாகக் கட்டுவித்த மாளிகை அது. தெற்கே குதிரைமலையிலிருந்து அல்லி என்னும் அரசி ஆண்டாள் என்ற கதை இக்கரையோரத்தில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருவதால், ஆளில்லாமல் கிடந்த பெரிய கட்டடத்தை மக்கள் அவளுக்கே உரியதாக்கிவிட்டார்கள்.

கொழும்பிலிருந்து இவ்வளவு தொலைவில், தண்ணீருக்கே தட்டுப்பாடான வறண்ட கரையில் ஒரு தேசாதிபதி மாளிகை எழுப்பியதற்கு முத்துதான் காரணம். அக்காலத்தில், மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் (சிப்பி வளரும் கடலடித் திட்டுகளில்) சிப்பி முற்றிய ஆண்டுகளில் மட்டும், மாசி பங்குனியை ஒட்டிக் கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்களில் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடக்கும். அப்போது கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்துக் குளியாட்களும், வணிகர்களும், சுறாவை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிகளும் கூடி, வெறுங்கரை ஒரு பட்டணமாகிவிடும். அந்த வருமானத்தைத் தம் கண் முன்னே வைத்திருக்கவே நோர்த் இங்கு வந்து தங்கினார். இதே ஆண்டுகளில்தான், 1803இல், வன்னியின் கிழக்குக் கரையில் வன்னிச் சிற்றரசனான பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றினான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைய வன்னி எத்தகைய நெருக்கடியில் இருந்தது என்பது விளங்கும்.

கேள்வி: அதன் தூண்கள் நம் நாட்டுக் கட்டடங்களைப் போல் இல்லையே. கருங்கல்லா, சீமெந்தா? (அதே வாசகர்)

பதில்: இரண்டும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமே. உடைந்த தூணொன்றின் அருகில் நின்று பார்த்தால், உள்ளே செங்கல் வரிசையும், அதன்மேல் எஞ்சியிருக்கும் வெண்சாந்துப் பூச்சும் தெளிவாகத் தெரியும். சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை அரைத்துப் பூசி, பளிங்குபோல் மினுக்கியிருந்தார்கள். முத்தெடுத்த பின் குவிந்த சிப்பி ஓடே சுவருக்கும் பயன்பட்டது என்பதில் எனக்குத் தனி வியப்பு உண்டு.

தூண்களின் வடிவம் பண்டைக் கிரேக்கத்தின் ‘டொரிக்’ முறையைச் சேர்ந்தது; தடித்த தண்டும் அலங்காரமற்ற தலைப்பும் அதன் அடையாளம். மாளிகைக்கும் ஆங்கிலேயர் அப்பெயரையே வைத்தார்கள். நோர்த் கிரேக்கத்தின்மீது பெரும் பற்றுக் கொண்டவர். இலங்கைக்கு வருமுன்பே, 1791இல், கோர்பு தீவில் கிரேக்கத் திருச்சபையைத் தழுவியவர். 1824இல் அதே தீவில் ஓர் உயர்கல்விக்கூடம் அமையக் காரணமாக இருந்தவர். ஆகவே மாளிகையின் அமைப்பையும் அவரே வகுத்தார் என்பதில் வியப்பில்லை. கீழ்த்தளத்தில் உதவியாளர்களுக்கான சிறு படுக்கையறைகளும், மேலே கடலை நோக்கிய கூடமும் இருந்தன. கொழும்பில் மதகுருவாக இருந்த ஜேம்ஸ் கோர்டினர், 1807இல் வெளியான தமது நூலில், இத்தீவின் மிக அழகிய கட்டடம் இதுவே என்று புகழ்ந்திருக்கிறார்.

இன்று அதன் கடற்பக்கம் பெரும்பாலும் இல்லை. மாளிகை நிற்பது செம்மண் மேட்டின் விளிம்பில். அலை மேட்டின் அடியை அரிக்க அரிக்க, மேலே உள்ள சுவர் பிடிமானமின்றிச் சரிகிறது. எனவே சுவரைப் பூசிச் சீர்செய்வதற்கு முன், கரையோரத்தில் கற்களை அடுக்கி அலையைத் தடுப்பதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. எஞ்சிய பகுதிகளை அளந்து வரைபடமாக்குவதற்கும் காலம் தாழ்த்தக் கூடாது.

கேள்வி: அரிப்புக் கோட்டை என்பதும் இதுதானா? (வாசகி, வவுனியா)

பதில்: அல்ல. அது இதற்கு வடக்கே, அருவியாற்று முகத்துவாரப் பக்கமாக உள்ள, ஒல்லாந்தர் காலச் சிறு கோட்டை. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கைதியாக இருந்து தப்பிய ரொபேட் நொக்ஸ், 1679இல் இந்த ஆற்றின் வழியே நடந்து வந்து அடைந்த இடம் அதுவே.