சாந்தார நாழிக்குள் கேமரா: கடிதமும் பதிலும்

வணக்கம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள, சோழர் ஓவியங்கள் இருக்கும் சாந்தார நாழி என்ற குறுகிய நடைவழிக்குள் ஒரு நாள் படமெடுக்க எங்கள் கல்லூரிக் குழுவுக்குத் தொல்லியல் துறை அனுமதி தந்திருக்கிறது. பொதுமக்கள் போக முடியாத இடம். அதனால் ஒரு முழுச் சுவரையும் ஒரே படத்தில் காட்ட ஆசைப்படுகிறோம். கையில் 16 மி.மீ. லென்ஸ், ஒரு பிளாஷ், ஒரு முக்காலி இருக்கின்றன. இவை போதுமா?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

முக்காலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் அங்கே உதவாது.

சாந்தார நாழியின் அகலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர்தான். கேமராவும் முக்காலியும் பிடிக்கும் இடம் போக, லென்ஸுக்கும் சுவருக்கும் நடுவே 1.4 மீட்டர் கிடைக்கும். அந்தத் தூரத்தில் 16 மி.மீ. லென்ஸ் நிறையவே காட்டும். ஆனால் ஓரத்து முகங்கள் இழுபட்டுப் போகும். உயரத்தில் உள்ளதைப் பிடிக்கக் கேமராவை அண்ணாத்தினால் இன்னும் மோசம். சுந்தரர் கதை அங்கே கீழிருந்து மேலாக வரையப்பட்டிருக்கிறது: கீழே கிழவர் ஓலை காட்டித் தடுக்கும் திருமணம், நடுவில் வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும், உச்சியில் கயிலாயம். அண்ணாந்து எடுத்த படத்தில் கயிலாயம் சுருங்கிவிடும், திருமணக் கூட்டம் பருத்துவிடும். சோழ ஓவியன் கொடுத்த அளவுகளையே நாம் மாற்றிவிட்டதாக ஆகும்.

அந்தச் சுவரைத் தள்ளி நின்று பார்க்க யாருக்குமே இடம் இல்லை. முழுச் சுவர் வேண்டுமென்றால் அதைத் துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்துத்தான் ஆக வேண்டும். முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போடுங்கள். 1.4 மீட்டரில் ஒரு படம் ஒரு மீட்டர் அகலமும் சுமார் 67 செ.மீ. உயரமும் பிடிக்கும். 24 மெகாபிக்சல் என்றால் சுவரின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஆறு பிக்சல். தூரிகைக் கோடு தெளிவாகத் தெரியும். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். நான்கு மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உள்ள பரப்புக்கு ஆறு பத்தி, ஒன்பது வரிசை, மொத்தம் 54 படங்கள். முக்காலியை ஓரிடத்தில் ஊன்றித் தலையை மட்டும் திருப்பாதீர்கள்; கேமராவே சுவருக்கு இணையாக நகர வேண்டும். முக்காலி எட்டாத உயரத்துக்கு, சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் உயரமான ஸ்டாண்டும், கேமராவில் தெரிவதைக் கீழிருந்தே பார்க்க ஒரு மடிக்கணினியும் தேவை.

இணையாக நிற்கிறதா என்று பார்க்கச் சுவரில் சிறு கண்ணாடியை வைக்கும் பழைய முறை இங்கே கூடவே கூடாது. உதிரும் சுண்ணத்தின்மேல் எதுவும் படக்கூடாது. கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கும் லேசர் தூரமானியால் கேமராவின் இடமும் வலமும், மேலும் கீழும் அளந்து பாருங்கள். அரை சென்டிமீட்டருக்குள் ஒத்துவந்தால் போதும்.

இனி ஒளி. பெரும்பாலும் படம் கெடுவது இதில்தான். கேமராவின் தலைமேல் உள்ள பிளாஷ் சுவருக்கு நேரெதிரே இருக்கிறது. மெருகேற்றிய சுண்ணத்தில் பட்டு நடுவில் ஒரு வெள்ளைத் திட்டாகத் திரும்பி வரும். அதற்குப் பதில், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் நிறக்குறியீட்டெண் (சி.ஆர்.ஐ.) 95க்கு மேல் உள்ள எல்.இ.டி. விளக்குகள் இரண்டு. கேமராவின் இருபுறமும் நாழியின் நீளவாக்கில் 1.4 மீட்டர் தள்ளி வைத்தால் ஒளி 45 பாகையில் விழும். ஒன்றை மறந்துவிடுவார்கள்: எதிர்ச் சுவரிலும் ஓவியம் உண்டு. அதன் காவியும் மஞ்சளும் ஒளியில் எதிரொளித்து நீங்கள் எடுக்கும் சுவரின்மேல் படியும். கேமராவுக்குப் பின்னால் ஸ்டாண்டில் கறுப்புத் துணி கட்டுங்கள். துணி சுவரில் உரசக்கூடாது.

அப்படியும் பளபளப்பு மிஞ்சினால் விளக்குகளின் முன் போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) தாளும், லென்ஸில் அதற்குச் செங்குத்தாகத் திருப்பிய போலரைசரும் போடலாம். மூன்று ஸ்டாப்புக்கு மேல் ஒளி குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). ஒரு நொடி எடுத்த இடத்தில் எட்டு நொடிக்கு மேல் ஆகும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ராவ் கோப்பு, கையால் குவியம், கேபிள் ரிலீஸ். இந்த முறையில் நிறங்கள் உள்ளதைவிடச் செறிவாக வரும், சுவரின் சொரசொரப்பு மறைந்துவிடும். ஆகவே போலரைசர் இல்லாமலும் ஒரு சுற்று எடுத்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு விளக்கமைப்பிலும் 24 கட்ட நிற அட்டையையும் 10 செ.மீ. அளவுகோலையும் வைத்து ஒரு படம், அதே இடத்தில் வெறும் வெள்ளைப் பலகையை வைத்து ஒரு படம். விளக்கொளி எங்கே கூடுதல், எங்கே குறைவு என்பதைப் பின்னால் சரிசெய்ய அந்த வெள்ளைப் பலகைதான் கைகொடுக்கும். இரண்டையும் ஸ்டாண்டில் மாட்டுங்கள்.

நேரம் இருந்தால் ஒரே ஒரு விளக்கைச் சுவரை ஒட்டினாற்போலச் சாய்த்து வைத்து எடுங்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி இங்கே சோழர் ஓவியங்களைக் கண்டறிந்தபோது அவற்றின்மேல் நாயக்கர் கால ஓவியம் மூடியிருந்தது. பிறகு தொல்லியல் துறை சில இடங்களில் மேலடுக்கைச் சேதமில்லாமல் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் ஏற்றியது. இரண்டு அடுக்கும் சந்திக்கும் விளிம்பு, சுண்ணம் உப்பி நிற்கும் இடம், மயிரிழை வெடிப்பு எல்லாம் சாய்ந்த ஒளியில்தான் தெரியும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பாதுகாப்புப் பணி செய்பவர் முதலில் கேட்பது இந்தப் படத்தைத்தான்.

ஒரு நேரத்தில் மூன்று பேருக்கு மேல் உள்ளே வேண்டாம். மூச்சின் ஈரமும் தோள்பையும்தான் அங்கே பெரிய ஆபத்து. பைகளை வெளியே வையுங்கள். எடுக்காத நேரத்தில் விளக்குகளை அணையுங்கள்.

மேல்தளத்துக்கும் அனுமதி உண்டென்றால் அங்கே வேலை வேறு. அங்கே இருப்பவை கரணங்கள் எனும் நடன நிலைகளின் புடைப்புச் சிற்பங்கள். பக்கத்திலிருந்து ஒரு விளக்கு போதும், போலரைசர் வேண்டாம். 108 கரணங்களில் 81 மட்டுமே செதுக்கப்பட்டுள்ளன. எல்லோரும் அந்த 81ஐ எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். செதுக்காமல் விட்ட கற்களையும் அதே ஒளியில், அதே அளவுகோலோடு எடுங்கள். வேலை எந்த நிலையில் நின்றது என்று கேட்பவருக்கு அந்தக் கற்களே சான்று.

படங்களைச் சேர்க்கும்போது நிறத்தைக் கூட்டாதீர்கள். உதிர்ந்த இடத்தைக் கணினியில் நிரப்பாதீர்கள். வெளியிடும் உரிமை பற்றி அனுமதிக் கடிதம் என்ன சொல்கிறதோ அதன்படி நடந்துகொள்ளுங்கள். ராவ் கோப்புகளின் முழுப் பிரதி ஒன்றைத் தேதி, சுவர், பத்தி, வரிசை எண்ணோடு தொல்லியல் துறையிடம் கொடுத்துவிடுங்கள்.